மழைக்கு முன்னால் டயர் விற்பது எப்படி: கொங்குப் பக்கத்து சொந்தக் கடைக்காரர்களுக்கு

வெளிநாட்டு டயர் கடைக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். அக்டோபர் பிறந்தால் போதும், பனி டயர் மாற்ற வண்டிகள் வரிசை கட்டுகின்றன. ஜெர்மனியில் பனி கிடக்கும் ரோட்டில் பனி டயர் இல்லாமல் போனால் அபராதம். ஒரே காருக்கு இரண்டு செட் டயர், கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. கழற்றிய செட்டைக் கடைக்காரரே வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு அதற்கும் வாடகை வாங்குகிறார்! நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படரும், அதோடு சரி. பனி டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலும் இறுகாமல் மெத்தென்று இருக்கும்படி செய்தது. அதைக் கொண்டுவந்து சித்திரை வெயிலில் கரூர் ரோட்டில் ஓட்டினால் அழிரப்பர் மாதிரி தேய்ந்துபோகும்.

நமக்கு இருக்கும் சீசன் மழை. ஆனால் "மழை டயர்" என்று தனியாக ஒரு சரக்கு நம் மார்க்கெட்டில் கிடையாது. வருஷம் முழுக்க ஓடுகிற அதே டயரைத்தான் மழைக்கும் விற்கிறோம். அதனால் நம் ஊரில் சீசன் வியாபாரம் என்றால், எந்த ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு எந்த மாதம் டயர் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு, அந்த வண்டிக்காரர் மொட்டை டயரோடு வந்து நிற்பதற்கு முன்பே அவரைக் கூப்பிடுவது. கம்பெனி ஷோரூம்காரருக்கு ஒரே பிராண்டுதான், அதற்குள்தான் அவர் சுற்ற வேண்டும். நான்கைந்து பிராண்டு வைத்திருக்கும் நாம் ரோட்டைப் பார்த்து டயர் எடுத்துக் கொடுக்கலாம். நம் பலம் அது ஒன்றுதான். தள்ளுபடியில் அவர்களோடு மோதிப் பார்க்காதீர்கள்.

எந்தப் பக்கத்துக்கு எப்போது மழை

கொங்கு முழுக்க ஒரே மழை என்று நினைத்துக்கொண்டு ஸ்டாக் எடுத்தால் காசு முடங்கும். பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே வந்துவிடும். அங்கே கடை வைத்திருப்பவர் மே மாதத்துக்குள் சரக்கை இறக்கியாக வேண்டும். பல்லடம், காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் அந்த மாதங்களில் காற்றுதான் அடிக்கும், மழை பேருக்குத்தான். ஈரோடு, நாமக்கல், கரூர், திருப்பூருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் மழை. அதற்கு ஆவணிக் கடைசியிலிருந்தே ஆளைப் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கு மேல் நம் நாட்காட்டி ஒன்று தனியாக ஓடுகிறது. மே மாதம் ஸ்கூல் வண்டிகளை ஆர்டிஓ வரிசையில் நிறுத்தி ஆய்வு செய்வார்கள், அதற்கு முந்தைய இரண்டு வாரம் வேன், பஸ் டயர் நகரும். ஆடியில் ஆடிப்பட்டம் பார்த்து டிராக்டர் டயர் கேட்டு வருவார்கள், மற்றதெல்லாம் மந்தம். ஆயுத பூஜைக்கு முன்னால் லாரிக்காரர், டாக்சிக்காரர், லேத் முதலாளி எல்லோரும் வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கும்போது டயரையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். மழை தொடங்குவதும் கிட்டத்தட்ட அப்போதுதான், அதனால் வருஷத்தின் பெரிய வாரம் அது. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் திருப்பூரில் பைக், ஸ்கூட்டர் டயர்.

அப்புறம் சபரிமலை. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டதிலிருந்து மகரவிளக்கு வரை, நம் பக்கத்திலிருந்து வேனும் இன்னோவாவும் பொலிரோவும் இராத்திரி முழுக்கக் கேரளாவுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஏழெட்டுப் பேர், மேலே கேரியரில் இருமுடிப் பையும் சமையல் சாமானும், ஈரமான மலை ரோடு, தூக்கம் பற்றாத டிரைவர். வெளிநாட்டுக்காரருக்குப் பனி டயர் சீசன் என்றால் நமக்குக் கார்த்திகை சீசன் என்றே வைத்துக்கொள்ளலாம். குருசாமிகள் இரண்டு பேரைத் தெரிந்து வைத்திருந்தால் போதும், அவர்கள் கூட்டிப் போகும் வண்டியெல்லாம் நம் கடைக்கு வந்துதான் மலை ஏறும். இதற்காக அவர்களுக்குக் கமிஷன் எதுவும் கொடுக்க வேண்டாம். அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போட்டால் மரியாதையாக இருக்கும்.

திருச்செங்கோடு பக்கத்து ரிக் வண்டிகள் இதற்கு நேர் எதிர். மழைக்காலத்தில் போர் போடும் வேலை குறைந்து வண்டி நிற்கும். கோடை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், தை மாசி வாக்கில்தான் அவர்கள் டயர் பார்ப்பார்கள். ஐப்பசியில் போய் ரிக்காரரிடம் மழையைச் சொல்லி வியாபாரம் பேசினால் சிரிப்பார்.

என்ன ஸ்டாக் எடுப்பது

ஓடுகிற சைஸை மட்டும் எடுங்கள். உங்கள் கடை வாசலில் போகும் வண்டியை ஒரு வாரம் உட்கார்ந்து கவனித்தாலே பாதிப் பட்டியல் தயார். இன்னோவா கிரிஸ்டாவுக்கு 205/65 ஆர்16, பொலிரோவுக்கு 215/75 ஆர்15, சின்ன லோடு வண்டிக்கு 145 ஆர்12 எட்டு ப்ளை (எட்டு அடுக்கு வலு), பழைய பைக்குக்கு 2.75-18, பால்காரர் எக்ஸ்எல்லுக்கு 2.50-16, டிராக்டருக்கு முன்னால் 6.00-16, பின்னால் 13.6-28. பதினெட்டு இன்ச் எஸ்யூவி டயரை ஷோவுக்காக வாங்கி மாட்டி வைக்காதீர்கள், கேட்டால் மறுநாள் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் கடைசியில் கம்பெனிகளுக்கு அரையாண்டுக் கணக்கு முடியும். டார்கெட்டை முடிக்க சலுகை ஸ்கீம் மேல் ஸ்கீம் கொட்டுவார்கள். மழைக்கு முன்னால் வருவதால் நமக்கும் நல்லதுதான், ஆனால் ஸ்கீம் சரக்கோடு ஓடாத சைஸ் நான்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் இப்படித் தள்ளிவிட்ட டயர்கள் இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. ஸ்கீமில் கிடைத்த லாபத்தை அந்தப் பரண் தின்றுவிட்டது.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்த்து இறக்குங்கள். 3225 என்றிருந்தால் 2025-ஆம் வருஷம் 32-ஆவது வாரத்தில் தயாரானது. இப்போது வாடிக்கையாளருக்கும் இது தெரியும், போன் லைட்டை அடித்துப் பார்க்கிறார். குடோனில் வெயில் படக்கூடாது, ஆயில், கிரீஸ் படக்கூடாது. கம்ப்ரசர் மோட்டார், வெல்டிங் மெஷின் பக்கத்தில் டயர் அடுக்காதீர்கள், அங்கே உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். பையன்கள் கைக்கு எட்டியதைத்தான் எடுப்பார்கள், அதனால் பழையதை முன்னால் வைத்துவிடுங்கள்.

கவுண்டரில் பேசுவது

இதில்தான் வியாபாரமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வண்டி உள்ளே வந்ததும் "என்ன பிராண்டு வேணுமுங்க?" என்று கேட்காதீர்கள். "எங்கெங்கங்க அதிகமா ஓட்டறீங்க?" என்று கேளுங்கள். பெருந்துறை சிப்காட்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வரும் காருக்கும், வாரம் ஒருமுறை பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறி மைசூர் போய்வரும் காருக்கும் ஒரே சைஸ் டயர்தான், ஆனால் ஒரே டயர் இல்லை. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. அந்த ரோட்டில் போகிறவருக்கு ஈரத்தில் பிடிக்கும் ரப்பர் முதலில், ஆயுசு அப்புறம். சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு மேல்பரப்பைச் சுற்றி அகலமான நேர்வாய்க்கால் வெட்டிய டயர், தண்ணீரை வேகமாக வெளியே தள்ள வேண்டும். தோட்டத்துச் சாலையிலேயே வாழும் வண்டிக்குப் பக்கச்சுவர் கெட்டியாக இருக்க வேண்டும், முள்ளும் கல்லும் கிழிக்காமல்.

அடுத்தது கேஜ். ட்ரெட் ஆழம், அதாவது அந்த வாய்க்காலின் ஆழம், அளக்கும் கேஜ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, கடையில் ஆளுக்கு ஒன்று பாக்கெட்டில் இருக்கட்டும். அளக்கிற விதம் இருக்கிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் முன் டயரின் உள்பக்கம் வெளியே தெரியும். உள்வாய்க்கால், நடு, வெளிவாய்க்கால் என்று மூன்றையும், டயரைச் சுற்றி மூன்று இடத்தில் அளங்கள். வாடிக்கையாளரைப் பக்கத்தில் குந்தவைத்து அவர் விரலையே உள்ஓரத்தில் ஓட்டச் சொல்லுங்கள். வெளியே நின்று பார்த்தால் பட்டன் (வாய்க்கால்களுக்கு நடுவே நிற்கும் ரப்பர் மேடு) பளிச்சென்று இருக்கும், உள்ஓரத்தில் கை வைத்தால் கண்ணாடியாக வழுக்கும். அந்த ஒரு நொடியில் அவர் முகம் மாறும். அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை.

உள்ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம், சரியில்லை. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறார். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். அங்கங்கே மேடு பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும், சக்கர எடையைச் சமன் செய்யும் பேலன்சிங்கையும் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டி அனுப்பினால் ஆறு மாதத்தில் அதே டயரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார், டயர் சொத்தை என்று ஊர் முழுக்கச் சொல்வார்.

எண்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். புதுக் கார் டயரில் வாய்க்கால் ஆழம் ஏறத்தாழ 7, 8 மில்லிமீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி கார், லாரிக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர், இருசக்கர, மூன்று சக்கர வண்டிக்கு 0.8. வாய்க்காலுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடாக இருக்கும் தேய்மானக் குறி, கார் டயரில் அந்த 1.6-க்குத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் 1.6 என்பது சட்டத்துக்கு. மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வது என் வழக்கம். ஆழம் குறையக் குறைய வாய்க்காலால் தண்ணீரை வாங்கித் தள்ள முடியாது, வேகத்தில் போகும்போது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து வண்டி மிதக்க ஆரம்பிக்கும். ஸ்டியரிங் லேசாகிவிட்டது மாதிரி இருக்கும், பிரேக் மிதித்தாலும் கேட்காது. பெரிய மழைதான் ஆபத்து என்றும் இல்லை. கோடைக்குப் பின் வரும் முதல் தூறலில் ரோட்டில் படிந்திருந்த ஆயிலும் புழுதியும் கலந்து மேலே வரும் பாருங்கள், அந்த அரைமணி நேரம்தான் பைக்குக்குச் சறுக்கு அதிகம்.

"ஏனுங்க, இந்த டயரு இன்னுங் கொஞ்ச நாளு ஓடுமுங்களா?" என்று கேட்காத ஆள் கிடையாது. அதற்கு நான் சொல்லும் பதில்: "ஓடுமுங்க. மழையில நிக்கறதுதான் கஷ்டமுங்க."

பயமுறுத்தி மட்டும் விற்காதீர்கள். 5 மில்லிமீட்டர் இருந்தால், "இந்த மழைக்குத் தாராளமா தாங்குமுங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கு ஒரு பில் போகும். அந்த ஆள் டீக்கடையில் போய் "அவன் விக்கற டயரையே வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டான்" என்று சொல்வார். இதற்கு ஈடான விளம்பரத்தை எந்த பிளெக்ஸ் பேனரும் தராது. அளந்த எண்ணை வண்டி நம்பரோடு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மழைக்கு மூன்று வாரம் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்:

"வணக்கமுங்க. சித்திரையில உங்க பொலிரோவுக்கு அளந்தப்ப முன்னாடி 4, பின்னாடி 3 இருந்துச்சுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒருக்கா வந்து பார்த்துட்டுப் போங்க. அளக்கறதுக்குக் காசு இல்லீங்க."

பூங்கொத்துப் படம் போட்ட காலை வணக்கத்தோடு சேர்த்து ஆஃபர் அனுப்புவதை விட இது நூறு மடங்கு வேலை செய்யும். ஏனென்றால் இது அவர் வண்டியைப் பற்றிய செய்தி.

மாட்டும்போது

இரண்டே டயர் மாற்றும் வாடிக்கையாளர் முன்னால்தான் மாட்டச் சொல்வார், "இன்ஜின் அங்கதானுங்களே இருக்கு" என்பார். மழைக்காலத்துக்குப் புதுசு இரண்டும் பின்னால் போக வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராக ஓடும், ஸ்டியரிங்கில் தெரியும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகத் திரும்பும், சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடிக்க முடியாது. இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அப்படியும் பிடிவாதம் பிடித்தால், நான்கு டயரின் ஆழத்தையும் பில்லில் எழுதிக் கொடுங்கள்.

சில டயரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், சிலதில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும். அவசரத்தில் பையன் மாற்றிப் போட்டுவிட்டால் தண்ணீர் தள்ளும் வேலை கெட்டுவிடும். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்குவதற்கு முன் முதலாளி ஒரு சுற்று நடந்து பார்த்தால் போதும்.

காற்று விஷயத்தில் நம் ஊரில் ஒரு தப்பான நம்பிக்கை ஓடுகிறது, மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு அதிகம் என்று. சேற்று வயலில் டிராக்டருக்குச் சரி. தார் ரோட்டில் காற்று குறைந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே டயர் தண்ணீர்மேல் மிதக்கும். டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வையுங்கள், பக்கச்சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்சபட்சம், அதை வைக்கக் கூடாது. வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும், அதனால் வெயிலில் பிடித்த காற்று மழை இரவில் இரண்டு மூன்று குறைவாகத்தான் காட்டும். உங்கள் கம்ப்ரசர் டேங்கில் தேங்கும் தண்ணீரை மழைக்காலத்தில் தினமும் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் அது வாடிக்கையாளர் டயருக்குள்தான் போகும். பழைய வால்வையே மறுபடி மாட்டி மிச்சம் பிடிப்பது அசிங்கம். அலாய் வீல் என்றால் 50, 100 கிலோமீட்டர் ஓட்டியபின் நட்டை ஒருமுறை முடுக்கிக்கொள்ள வரச் சொல்லுங்கள்.

சைஸ் ஒன்றாக இருந்தாலும் லோடு இண்டெக்ஸைப் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 91 என்றால் 615. விலை குறைவு என்று கார் டயரைக் கேட்டு வரும் லோடு வண்டிக்காரருக்குக் கொடுக்காதீர்கள். மழையில் குழியில் இறங்கி வெடித்தால் பழி உங்கள் தலையில்தான்.

விலையும் பில்லும்

ஆன்லைன் விலையைப் போனில் நீட்டுவார்கள். கோபப்படாதீர்கள். மாட்டும் கூலி, வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட், மழை முடியும்வரை காற்று, பஞ்சர் வந்தால் ஒருமுறை இலவசம், எல்லாம் சேர்த்து ஒரே விலையாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, "அதுல இதெல்லாம் இருக்குதுங்களான்னு பார்த்துட்டு வாங்க" என்று விட்டுவிடுங்கள். அந்த டயர் எந்த வாரத்தில் தயாரானது என்றும் கேட்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் திரும்பி வருவார்கள். மீதிப் பேர் அதே டயரை வாங்கிக்கொண்டு மாட்ட வருவார்கள். முகம் சுளிக்காமல் கூலி வாங்கி மாட்டிக் கொடுங்கள், அடுத்த செட் நமக்கு.

2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, டிராக்டர் டயருக்கு அது 5 சதவீதம் ஆனது. அதனால் "பில் இல்லாமப் போட்டுக் குடுங்க" என்று கேட்பவரிடம் பேசுவது இப்போது கொஞ்சம் எளிது. பில் இல்லாமல் கொடுத்த டயரில் புடைப்பு வந்தால் கம்பெனி கிளெய்முக்கு எதைக் காட்டுவது? டயரின் சீரியல் நம்பரைப் பில்லிலேயே எழுதுங்கள். கிளெய்ம் கிடைத்தாலும் மிச்சமிருக்கும் பட்டனைக் கணக்குப் பார்த்துத்தான் தருவார்கள் என்பதையும், குழியில் இடித்து வரும் புடைப்புக்குக் கிடைக்காது என்பதையும் விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

லாரிக்காரர்கள்

சங்ககிரி, நாமக்கல் லாரி முதலாளிக்கு நாம் டயர் பாடம் எடுக்க முடியாது. ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அவர் நோட்டில் இருக்கும், நம் கம்பெனி ரெப்புக்குக்கூட அது தெரியாது. அவரிடம் விற்க வேண்டியது நேரம். மழை பிடிப்பதற்கு முன் முன்பக்க ஜோடிக்குப் புது டயர், முன்னால் ஓடியதைப் பின்னால் தள்ளி, பின்னால் தேய்ந்ததை ரீட்ரெட்டுக்கு (பழைய டயரில் புதுப் பட்டன் ஒட்டுவதற்கு) அனுப்பி, கேசிங் என்ற டயரின் உள்கூடு வீணாகாமல் காப்பாற்றிக் கொடுங்கள். மழையில் மொட்டையாக ஓட்டினால் ஈரத்தில் கல்லும் ஆணியும் சுலபமாகக் குத்தும், நூல் வரை போய்விட்ட கேசிங்கை ரீட்ரெட் கடையில் தொடமாட்டார்கள். அந்தக் கணக்கு அவருக்கு உடனே புரியும். ரீட்ரெட் டயரை முன்பக்கம் மாட்டச் சொன்னால் மாட்டாதீர்கள், யாராக இருந்தாலும்.

கடன் கேட்பார். கடன் இல்லாமல் லாரி டயர் வியாபாரம் இல்லை, அதனால் யாருக்கும் கடன் இல்லை என்று போர்டு மாட்டினால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு வண்டிக்கு ஒரு ஜோடி பாக்கி இருக்கும்வரை அடுத்த ஜோடி கிடையாது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். ஆயுத பூஜைக்குப் பழைய கணக்கு நேராக வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், அன்றைக்குக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உறவுக்காரர் கடன்தான் வராது. மாமன் மச்சான் வண்டிக்கு விலையைக் குறைத்துக் கொடுங்கள், ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கழற்றிய டயர்

மழைக்காலத்தில் கடைக்கு வெளியே பழைய டயர் குவிந்து கிடந்தால் அதில் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும். மாநகராட்சி ஆட்கள் வந்து அபராதம் போடுவது இருக்கட்டும், முதலில் காய்ச்சலில் படுப்பது உங்கள் கடைப் பையன்தான். தார்ப்பாய் போட்டு மூடுங்கள் அல்லது கூரைக்குக் கீழே நிறுத்தி வையுங்கள், வாரம் ஒருமுறை பழைய டயர் எடுப்பவரை வரச் சொல்லுங்கள். எரிக்கக் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். ரீட்ரெட்டுக்குத் தேறாத மொட்டை டயரை யாராவது கத்தியால் வாய்க்கால் கீறிப் புதுசு மாதிரி விற்கிறார்கள் என்றால் அது உங்கள் கடையிலிருந்து போனதாக இருக்கக் கூடாது, பக்கச்சுவரில் ஒரு வெட்டு வெட்டிக் கொடுங்கள்.

நடுவில் ஒன்று. சில எஸ்யூவி டயரில் எம்+எஸ் என்று அச்சடித்திருக்கும், "இது பனிக்குங்களா?" என்று கேட்பார்கள். சேற்றுக்கும் பனிக்கும் என்று கம்பெனியே போட்டுக்கொள்வது அது. உண்மையான பனிச் சோதனையில் தேறிய டயருக்கு மூன்று முகடு மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கும். புல்லட்டில் லடாக் போகும் கோயமுத்தூர்ப் பையன்களும் கேட்பார்கள். ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போகிறவர்களுக்குப் பனி டயர் தேவையில்லை. நல்ல பட்டன் உள்ள டயர், ஒரு பஞ்சர் கிட், கையால் அடிக்கும் பம்பு, இவ்வளவு போதும். லாபம் வருகிறதே என்று வேறு எதையாவது கட்டிவிடாதீர்கள்.

மார்கழி பிறந்ததும் குடோனைத் திறந்து மிச்சத்தை எண்ணுங்கள். டிசம்பர் டயரும் ஜனவரி ஒன்றாம் தேதி "போன வருஷத்து டயரு" ஆகிவிடும், ரப்பருக்கு ஒரு குறையும் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளர் கண்ணுக்கு அது பழசு. அதனால் மழை ஸ்டாக்கில் நின்றதைச் சபரிமலை வண்டிகளுக்கு முதலில் தள்ளுங்கள். அப்படியும் நின்றால் டாக்சி ஸ்டாண்டுக்காரர்களுக்கு வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுங்கள், தேதியைச் சொல்லியே கொடுங்கள். அவர்கள் நாலு மாதத்தில் ஓட்டித் தேய்த்துவிடுவார்கள். கையில் வந்த பணத்தில் பொங்கலுக்கு அப்புறம் ரிக் வண்டிக்காரர்களுக்கு வேண்டிய சைஸை எடுக்க ஆரம்பிக்கலாம்.